வவுச்சர் எங்கே?

ராத்திரி மூன்று மணிக்குத் திடீரென்று முழிப்பு வந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? ‘பையன் இந்தத் தடவை நல்ல மார்க் வாங்கிவிடுவான்’ என்று நினைத்ததுண்டா? ‘ஆபீஸில் நமக்கு நல்ல பெயர்தான்’ என்று ஒரு தடவையாவது தோன்றியிருக்கிறதா? வாய்ப்பே இல்லை. பையன் ஃபெயிலாவான். மேனேஜர் முறைத்தது வேலைக்கு உலை. இடுப்பில் சுருக்கென்று குத்துவது கிட்னி. மூன்று மணிக்கு வருகிற நினைப்பு எதுவும் நல்ல செய்தியோடு வராது.

நான் பி.காம். படித்தவன். பத்திரிகை வேலைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆனாலும், படித்ததில் ஒரே ஒரு பாடம் மட்டும் மறக்கவில்லை. ‘கன்சர்வேடிசம்’ என்று கணக்கியலில் ஒரு கொள்கை. வரக்கூடும் என்று தோன்றுகிற நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கீடு செய்து வைத்துவிட வேண்டும். வரப்போகிற லாபத்தை அது கைக்கு வரும்வரை கணக்கில் எடுக்கக் கூடாது. வாராக்கடன், ஐயக்கடன் என்றெல்லாம் ஒதுக்குவார்களே, அது இந்தக் கொள்கைப்படிதான். கடைக்கு நல்ல பழக்கம்.

நம் மனசு எந்தக் காலேஜுக்கும் போகாமலே இந்தப் பாடத்தை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம். கடையில் வருஷக் கடைசியில் ஆடிட்டர் வந்து உட்காருவார். ‘இவ்வளவு ஒதுக்கியிருக்கீங்களே, எதை வெச்சு? வவுச்சர் எங்கே?’ என்று கேட்பார். மனசுக்கு ஆடிட்டர் கிடையாது. எழுதியதெல்லாம் அப்படியே லெட்ஜரில் ஏறிவிடும்.

இப்படி அவதிப்படுகிறவரைப் பார்த்து நாம் என்ன சொல்வோம்? “பாசிட்டிவா நினைங்க.” அதற்கும் கேட்காவிட்டால், “நாலு நாள் எங்கேயாவது மலைப்பக்கம் போயிட்டு வாங்க, எல்லாம் சரியாயிடும்.”

அப்படித்தான் மூன்று வருஷங்களுக்கு முன் என்னையும் ஏற்காட்டுக்கு அனுப்பி வைத்தார் என் மாமா. அக்கா வீட்டுக்காரர்.

அவர்களுக்கு வீடு சேலத்தில். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அக்காவுக்கு மார்பில் இருந்த கட்டியில் ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். ரிப்போர்ட் சனிக்கிழமைதான் வரும். நான் செய்தி கேட்டு ஓடி வந்து, அவர்கள் வீட்டுக் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். “நீ நடக்கிற நடையைப் பார்த்தா எனக்கே பயமா இருக்குடா” என்றாள் அக்கா. மாமா ஏற்காட்டில் தனக்குத் தெரிந்த ஒரு தியான இல்லத்தில் எனக்கு அறை சொல்லிவிட்டார். “ரெண்டு நாள் இருந்துட்டு வா. உன்னையும் சேர்த்து நான் சமாளிக்க முடியாது.”

சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு என்பது தலைக்கு மேல் இருக்கிற ஏ.சி. ரூம். கோரிமேடு தாண்டி, அடிவாரம் தாண்டினால் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் நம்பர் எழுதியிருப்பார்கள். மேலே போகப் போகப் புளியும் மூங்கிலும் போய், சில்வர் ஓக் மரங்களும் அதில் ஏறிய மிளகுக் கொடியும் அடியில் காபிச் செடியும் வரும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஆரம்பித்து வைத்த காபி அது. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். சேர்வராயன் கோயில் ஒரு பக்கம், தேவாலயங்களும் கான்வென்ட்களும் தியான இல்லங்களும் இன்னொரு பக்கம் என்று சாமிக்குப் பஞ்சமில்லாத மலை.

நான் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வளைவில், ‘சாதாரணக் கட்டின்னா ஏன் ஊசி போட்டு எடுக்கப் போறாங்க?’ என்று தோன்றியது. ஏழாவது வளைவில் அது புற்றுநோய் என்று முடிவாகிவிட்டது. பதினொன்றில் முற்றிப்போய்விட்டது. பதினைந்தில் வீட்டை விற்றாகிவிட்டது. இருபதாவது வளைவில், அக்கா மகள் கல்யாணத்தில் அக்கா இல்லாத மேடையில் நான் நின்றுகொண்டிருந்தேன். பஸ் ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

கீழே விட்டு வந்ததாக நினைத்தது எனக்கு முன்னால் மேலே போய் உட்கார்ந்திருந்தது.

சாயங்காலம் லேடீஸ் சீட் பக்கம் போனேன். நீங்களும் போயிருப்பீர்கள். இருட்டியதும் கீழே சேலம் முழுவதும் விளக்குகளாகத் தெரியும். எல்லோரும் ‘ஆஹா’ என்று செல்ஃபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அதில் அக்கா வீட்டு விளக்கு எது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

தியான இல்லத்தில் ஒரு சிஸ்டர் இருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ரொம்ப காலம் டீச்சராக இருந்துவிட்டு, அப்புறம் கவுன்சலிங் படித்தவர். ராத்திரி சாப்பாட்டில் நான் சப்பாத்தியைப் பிய்த்துப் பிய்த்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, எதிரே வந்து உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னேன். ‘கவலைப்படாதீங்க, ஆண்டவர் பார்த்துக்குவார்’ என்று சொல்லப்போகிறார் என்றுதான் காத்திருந்தேன்.

“தம்பி, பேனா இருக்கா?” என்றார்.

ஒரு பேப்பரை நடுவில் மடிக்கச் சொன்னார். “இடது பக்கம், உங்களுக்கு இன்னிக்கு நிஜமா தெரிஞ்சது. வலது பக்கம், உங்க மனசு எழுதிக்கிட்டது. எதையும் விட்டுராதீங்க. வெக்கப்படாதீங்க.”

எழுதினேன். இடது பக்கம் நாலு வரி. கட்டி இருக்கிறது. சின்னது. செவ்வாய்க்கிழமை ஊசி போட்டார்கள். சனிக்கிழமை ரிப்போர்ட் வரும். வலது பக்கம் பதினோரு வரி. வீட்டை விற்பதும் கல்யாண மேடையும் உட்பட.

“சரி. இப்ப வலது பக்கத்துல ஒவ்வொரு வரியா எடுங்க. இதுக்கு என்ன ஆதாரம்? இதுக்கு எதிரா ஏதாவது ஆதாரம் இருக்கா? இதே நிலைமையில உங்க ஃப்ரெண்டு இருந்தா அவர்கிட்ட என்ன சொல்லுவீங்க?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சிஸ்டர், நீங்க வவுச்சர் கேக்கறீங்க!” என்றேன்.

“அப்படியே வெச்சுக்கங்களேன்.”

அவர் செய்யச் சொன்னது புதிய வித்தை இல்லை. 1960-களில் ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், மனச்சோர்வில் இருப்பவர்களைப் பார்த்துப் பார்த்து ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். அவர்கள் மனசில் சில நினைப்புகள் தானாகவே, மின்னல் மாதிரி வந்து போகின்றன. ‘நான் லாயக்கில்லை, உலகம் சரியில்லை, இனிமேலும் எதுவும் சரியாகாது’ என்று தன்னைப் பற்றி, உலகத்தைப் பற்றி, எதிர்காலத்தைப் பற்றி மூன்று தினுசில். வருகிற வேகத்தில் அவற்றை யாரும் நினைப்பு என்றே எண்ணுவதில்லை, உண்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நினைப்பைப் பிடித்து நிறுத்தி, எழுதி, ஆதாரம் கேட்பதை ஒரு சிகிச்சை முறையாகவே அவர் வளர்த்தார். இன்று உலகம் முழுக்க மனநல மருத்துவர்களும் ஆலோசகர்களும் கையாளும் முறை அது. பெக் நூறு வயது வாழ்ந்து 2021-ல் மறைந்தார்.

“ஆனா தம்பி, எங்க ஆளுங்க இதை ரொம்ப முன்னாடியே செஞ்சிருக்காங்க” என்றார் சிஸ்டர். அவர் ஒரு பெயர் சொன்னார். ஊர் திரும்பியதும் தேடிப் படித்தேன். எவாக்ரியுஸ் என்று ஒரு துறவி. எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்து 399-ல் இறந்தவர். மனிதனைக் கவிழ்க்கும் நினைப்புகளை அவர் எட்டு வகையாகப் பிரித்தார். ஒவ்வொரு நினைப்பு வரும்போதும் அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று பைபிளிலிருந்து ஏறக்குறைய 500 இடங்களை எடுத்து ஒரு புத்தகமே தொகுத்து வைத்தார். கெட்ட நினைப்பு வந்தால் ஓடாதே, நின்று பதில் பேசு என்பதுதான் அதன் சாரம்.

அந்த எட்டில் ஒன்று என்னை அசத்திவிட்டது. நடுப்பகலில் துறவிக்கு வருகிற சோர்வு. சூரியன் நகர மாட்டேன் என்கிறது. ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்க்கத் தோன்றுகிறது, யாராவது வருகிறார்களா என்று. அப்புறம் அந்த நினைப்பு மெதுவாகக் காதில் ஓதுகிறதாம்: இந்த இடமே சரியில்லை, வேறு ஊருக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும். ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னால் பாலைவனத்தில் இருந்தவருக்கு நம் வீட்டு யோசனை தெரிந்திருக்கிறது பாருங்கள். அவருடைய கணக்கில், ‘இடம் மாறினால் சரியாகும்’ என்பதும் அந்த நோயின் ஒரு வரிதான்.

சிஸ்டர் எனக்கு எலியாவின் கதையையும் சொன்னார். எனக்கு பைபிள் அதிகம் பழக்கமில்லை. நான் சர்ச்சுக்குப் போகிறவன் இல்லை. அவரும் என்னைப் போகச் சொல்லவில்லை. ஆனால், இந்தக் கதையை எந்த மனோதத்துவப் புத்தகத்திலும் சேர்க்கலாம்.

எலியா பெரிய இறைவாக்கினர். கர்மேல் மலையில் 450 பேரை எதிர்த்துத் தனி ஆளாக ஜெயித்தவர். அடுத்தபடியாக ராணி ஈசபெல் கொலை மிரட்டல் விடுகிறாள். மனுஷன் அப்படியே சுருண்டுபோகிறார். வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச் செடிக்கு அடியில் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள் என்று கடவுளிடம் கேட்கிறார். கடவுள் என்ன செய்கிறார்? பிரசங்கம் செய்யவில்லை. நம்பிக்கை இல்லையா என்று திட்டவில்லை. தூதன் வந்து தட்டி எழுப்புகிறான். சுடச்சுட அப்பம், ஒரு ஜாடித் தண்ணீர். சாப்பிட்டுத் தூங்குகிறார். மறுபடி எழுப்பி, மறுபடி சாப்பாடு.

“முதல்ல சாப்பாடு, தூக்கம். அப்புறம்தான் சாமியே பேசுது” என்றார் சிஸ்டர், என் தட்டைக் காட்டி.

எலியா அதன் பிறகு நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போகிறார். ஆமாம், அவரும் மலைக்குத்தான் போகிறார். அங்கே கடவுள் கேட்கிற முதல் கேள்வியே, இங்கே நீ என்ன செய்கிறாய் என்பதுதான். நான் ஒருத்தன்தான் மிச்சம், என்னையும் கொல்லப் பார்க்கிறார்கள் என்று எலியா புலம்புகிறார். இரண்டு தடவை அதே பாட்டு. கடவுள் அவரைத் தேற்றுவதற்கு முதலில் கையில் வேலை கொடுக்கிறார்: கீழே போ, இன்னின்னாரைப் பார். அப்புறம் ஒரு எண்ணைச் சொல்கிறார். உன்னைப் போல இன்னும் 7,000 பேர் இருக்கிறார்கள்.

எலியாவின் லெட்ஜரில் ஒன்று என்று இருந்தது. தணிக்கையில் 7,000 என்று வந்தது!

“சிஸ்டர், ஆதாரம் கேட்டா பாதிப் பயம் போயிடுது. ஒத்துக்கறேன். ஆனா சனிக்கிழமை ரிப்போர்ட்டுல என்ன இருக்கும்னு இப்ப ஆதாரமும் இல்லை, எதிர் ஆதாரமும் இல்லையே. அதை என்ன பண்றது?” என்றேன்.

“அங்கதான் தம்பி நாங்க ஜெபம் பண்றோம்.”

அப்புறம் அவர் ஒரு மிஷனரியைப் பற்றிச் சொன்னார். இ.ஸ்டான்லி ஜோன்ஸ். 1907-ல் அமெரிக்காவிலிருந்து லக்னோவுக்கு வந்தவர். எட்டு வருஷம் ஓயாமல் உழைத்ததில் உடம்பும் மனசும் நொறுங்கிப்போய், ஊருக்குப் போய் ஓய்வெடுத்துத் திரும்பினார். சரியாகவில்லை. மலைக்குப் போனார். இறங்கி வந்ததும் மறுபடி விழுந்தார். இரண்டாவது தடவையும் மலைக்குப் போனார். இறங்கினால் அதே கதை. மிஷனரி வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய் விவசாயம் பார்க்கலாமா என்ற நிலைமைக்கு வந்துவிட்டார். ஒரு ராத்திரி லக்னோ தேவாலயத்தில் ஜெபம் செய்துகொண்டிருந்தபோது, உன்னால் சுமக்க முடியாததை என்னிடம் கொடுத்துவிடுகிறாயா என்று கடவுள் கேட்டதாக அவருக்குத் தோன்றியது. கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு ஐம்பது வருஷத்துக்கு மேல் ஊர் ஊராகச் சுற்றி உழைத்தார். 1925-ல் வந்த ‘தி கிறைஸ்ட் ஆஃப் தி இந்தியன் ரோட்’ என்ற அவருடைய புத்தகத்தில் இதை அவரே எழுதியிருக்கிறார்.

ஜெபத்தில் குணமான மனிதர் அடுத்து என்ன செய்திருப்பார்? ‘எல்லோரும் ஜெபம் பண்ணுங்க, டாக்டர் வேண்டாம்’ என்று சொல்லியிருப்பார் என்றுதானே நினைப்போம்? அவர் 1930-ல் நைனிடால் பக்கம் சாத்தாலில் ஓர் ஆசிரமம் ஆரம்பித்தார். 1950-ல் லக்னோவில் நூர் மன்சில் என்ற மனநல மருத்துவமனையைத் தொடங்கி வைத்தார். சாமி ஒரு கையில், சைக்கியாட்ரி ஒரு கையில். நம் பக்கத்திலேயே, வேலூர் சி.எம்.சி. 1957-ல் பாகாயத்தில் மனநல மையம் ஆரம்பித்தபோது, நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கிற வழக்கத்தைக் கொண்டுவந்தது. விசுவாசம் உள்ளவர்கள் ஆரம்பித்த இடங்கள்தான் இவை. மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் குறைந்துவிடும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

ஜோன்ஸ் கதையைக் கேட்டபோது எனக்குள் இருந்த பி.காம். மறுபடி முழித்துக்கொண்டது. டிரயல் பேலன்ஸ் போடுகிறோம். இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை. எங்கே பிசகு என்று இப்போதைக்குத் தெரியாது. அதற்காகக் கடையை மூடிவிட்டு அழுவதில்லை. அந்த வித்தியாசத்தை ‘அனாமத்துக் கணக்கு’ என்று ஒரு தலைப்பில் போட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்க்கிறோம். விவரம் தெரியும்போது தெரியட்டும். கிறிஸ்தவர்கள் கவலையைக் கடவுளிடம் ஒப்படைப்பது என்று சொல்வது எனக்கு அப்படித்தான் புரிந்தது. அதில் பொய் நம்பிக்கை இல்லை, ‘நல்லதே நடக்கும்’ என்ற வாக்குறுதியும் இல்லை. இயேசுவே சிலுவைக்கு முந்தின ராத்திரி, முடிந்தால் இந்தத் துன்பம் விலகட்டும் என்று கெஞ்சியிருக்கிறார். விலகவில்லை. ஆனால், அந்தக் கணக்கை அவர் தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை.

நான் வலது பக்கத்தில் மிச்சமிருந்த ஒரு வரியை, ‘சனிக்கிழமை என்ன வரும்?’ என்ற வரியை, வட்டம் போட்டு ‘அனாமத்து’ என்று எழுதினேன். சிஸ்டர் கண்ணை மூடி இரண்டு நிமிஷம் ஜெபம் செய்தார். எனக்கு ஜெபம் செய்யத் தெரியாது. சும்மா உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு ராத்திரி தூங்கினேன்.

சனிக்கிழமை ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய்தான்.

இதை நான் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையே பொய்க் கணக்காகிவிடும். ‘பாசிட்டிவா நினைச்சேன், நல்லதே நடந்தது’ என்று முடியும் கதைகள் நிறைய இருக்கின்றன. இது அந்த வகை இல்லை. நான் பயந்த விஷயம் நிஜமாகவே நடந்தது. ஆனால், வலது பக்கத்தில் இருந்த மற்ற பத்து வரிகள் நடக்கவில்லை. நோய் முற்றியிருக்கவில்லை. வீட்டை விற்கவில்லை. அக்கா உடைந்துபோவாள் என்று எழுதியிருந்தேன். அவள் ரிப்போர்ட்டை வாங்கிப் படித்துவிட்டு, “சரி, ஆபரேஷன் எப்போன்னு கேளு. அடுத்த மாசம் பாப்பாவுக்குப் பரீட்சை இருக்கு” என்றாள். ஆபரேஷன், கதிர்வீச்சு, இப்போது தினம் ஒரு மாத்திரை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை செக்கப். அந்த நாள் நெருங்கும்போது வீட்டில் எல்லோருக்கும் வயிறு பிசையத்தான் செய்கிறது. அப்போதெல்லாம் மாமா ஒரு பேப்பரை எடுத்து நடுவில் மடிக்கிறார்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பேப்பர் வைத்தியம் அன்றாடக் கவலைக்கு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, சாகலாம் போலிருக்கிறது என்றால் பேப்பரும் போதாது, மலையும் போதாது. டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். ‘விசுவாசம் இருந்தா இதெல்லாம் எதுக்கு?’ என்று யாராவது கேட்டால், எலியாவுக்கு முதலில் வந்தது அப்பமும் தண்ணீரும்தான் என்று சொல்லுங்கள்.

மற்றபடி, மலைக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஏற்காட்டுக்குத் தாராளமாகப் போங்கள். பேரிக்காய் சாப்பிடுங்கள், காபித்தூள் வாங்கி வாருங்கள், லேடீஸ் சீட்டில் நின்று விளக்குகளைப் பாருங்கள். நினைப்பும் கூடவே பஸ் ஏறும், அதற்கு டிக்கெட் தேவையில்லை. அதனால் போகும்போது பையில் ஸ்வெட்டரோடு ஒரு பேப்பர், ஒரு பேனா. நினைப்பு பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் கேளுங்கள்:

‘எல்லாம் சரி. வவுச்சர் எங்கே?’

காட்டினால், செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். காட்டாவிட்டால் அடித்துவிடுங்கள். இரண்டும் இல்லாமல் இழுத்தடித்தால் அனாமத்தில் போட்டுவிட்டு, போய்ச் சாப்பிடுங்கள்.